போட்டு வாறன் சொன்ன கவ்பாய்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் தெரியாது என்று சொல்லக்கூடாது.

பல ஊர்கள் கட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு சாராயக்கடை, ஒரு சிறை, ஒரு வங்கி, அந்த வங்கியைக் கொள்ளையடிக்க வசதியாக ஒரு பின்கதவு. மலையைக் குடைந்து ரயில்பாதை போட்டிருக்கிறேன். ஒரு பெரிய ஆறு கதைக்குக் குறுக்கே நின்றபடியால் அதைத் திசை திருப்பியிருக்கிறேன். டெக்சஸிலிருந்து வடக்கே ஓட்டிப்போன மாடுகளுக்குக் கணக்கே இல்லை. இவ்வளவையும் லண்டனில், செவன் கிங்ஸில் ஒரு சமையலறை மேசையில் இருந்துதான் செய்தேன். அமெரிக்காவுக்கு ஒருநாளும் போனதில்லை. குதிரையில் ஒருநாளும் ஏறியதில்லை. மன்னாரில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டியவன்.

லண்டனில் எங்கள் ஆட்களில் டாக்டர் இருக்கிறார், எஞ்சினியர் இருக்கிறார், பெட்ரோல் நிலையங்களை வரிசையாக வைத்திருப்பவர் இருக்கிறார். நூற்றுக்கு மேற்பட்ட கவ்பாய் நாவல்களை இங்கிலீசில் எழுதியவன் நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய எங்கள் தேவாலயத்துப் பங்கு மண்டபத்துக்கு வரச்சொல்லுங்கள். தேத்தண்ணி என் செலவு.

என் பெயர் சவிரிமுத்து மரியதாஸ். இந்தப் பெயரை எந்தப் புத்தக அட்டையிலும் காணமாட்டீர்கள். அட்டைகளில் இருப்பது மாட் ஹெண்டர்லி என்ற பெயர். அப்படி ஓர் ஆள் பிறக்கவே இல்லை. அது கம்பனி தனக்கென்று வைத்திருந்த பெயர். உள்ளே யார் எழுதினாலும் வெளியே ஹெண்டர்லி. அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம், நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது எடுக்கிறேன். அந்தப் பழைய நாவல்களைப் புதுக் கம்பனி ஒன்று புது அட்டை போட்டு மறுபடி வெளியிடுகிறது. முதல் தொகுதி வந்துவிட்டது. அடுத்தது அச்சுக்குப் போகப்போகிறது. அதற்குள் நான் பேசவேண்டும்.

தொழில் பழகிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மன்னாரில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினேன். இங்கிலீஷ் எழுத்துகளை அர்த்தம் தெரியாமலே அழகாக எழுதுவேன். ஒரு மருந்துக்கடைக்கு அப்படித்தான் ஒரு சொல்லை எழுத்து மாறி எழுதி, வைத்தியர் என்னைத் தேடித் திரிந்தது தனிக்கதை. பிறகு கப்பலில் சமையலறை வேலை. எழுபதுகளில் லண்டனுக்குக் கிட்ட டில்பரித் துறைமுகத்தில் இறங்கினேன். பகலில் உணவகத்தில் கோப்பை கழுவினேன், ஓய்வு நேரத்தில் கடைக்காரர்களுக்குப் பலகை எழுதினேன். ஒருநாள் ஃபாரிங்டன் பக்கம் ஒரு கட்டடத்தின் கதவில் 'எழுத்துக்காரர் தேவை' என்று எழுதி ஒட்டியிருந்ததைக் கண்டேன். பெயர்ப்பலகை வேலை என்று நினைத்து மேலே ஏறினேன். அது சிறுவர்களுக்கான சித்திரக்கதை வாரப் பத்திரிகை. மேலே ஏறியவன் இருபது வருடத்துக்கு மேல் கீழே இறங்கவில்லை.

அங்கே பொறுப்பாக இருந்தவர் மிஸ்டர் ஹோல்ரிட்ஜ். உயரமான ஆள், கழுத்துப்பட்டி எப்போதும் ஒரு தோளுக்கு மேலால் முதுகில் தொங்கும், மையில் படக்கூடாது என்பதற்காக. அவரிடம் ஒரு பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முதலில் அதைத் தலைகீழாகத் திருப்புவார். தலைகீழாக வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். கதை தெரியாமல், கறுப்பும் வெள்ளையும் மட்டும் தெரியும்போது பக்கம் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கிறதா, நேரே நிற்கிறதா என்று அப்படித்தான் விளங்குமாம். சரிந்து நின்றால் ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தருவார். நேரே நின்றால், "வாசிக்க ஏலும்" என்பார். அதற்குமேல் அவர் வாயிலிருந்து புகழ்ச்சி வந்து யாரும் கேட்டதில்லை. ஒருவர் கலியாணப் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். அதையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாசிக்க ஏலும்" என்றார். அவர் இங்கிலீசில் சொன்னதையெல்லாம் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். அவருக்கு அது பொருந்தும்.

என் வேலை பலூன். கதாபாத்திரத்தின் வாயிலிருந்து புறப்படும் பேச்சு வட்டத்தைத்தான் பலூன் என்போம். ஓவியர் மையிட்டு முடித்த தடித்த தாள் என்னிடம் வரும். பேச்சை வேறொரு தாளில் நீலப் பென்சில் கோட்டுக்கு மேல் எழுதுவேன். அந்த நீலம் அச்சுக்காகப் பக்கத்தைப் படம்பிடிக்கிற கமராவுக்குத் தெரியாது, அதனால் அழிக்கவேண்டிய தேவையில்லை. எழுதியதை பிளேடால் வெட்டி, ரப்பர் பசையால் உரிய இடத்தில் ஒட்டி, சுற்றி வட்டம் கீறி, பேசுகிறவனின் வாயை நோக்கி ஒரு வால் இழுக்கவேண்டும். வால் பிழைத்தால் குதிரை பேசிவிடும். ஒருமுறை பேசியும் இருக்கிறது.

இதில்தான் என் அதிர்ஷ்டம் இருந்தது. கதை எழுதுகிறவர்கள் எல்லாரும் படித்த மனிதர்கள். ஒரு கொள்ளைக்காரன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டே ஐந்து வரி பேசுவான். பலூனோ கோழிமுட்டை அளவு. ஓவியர் கீறிய தொப்பியையும் துப்பாக்கியையும் மறைத்து ஒட்ட ஏலாது. திருப்பி அனுப்ப நேரமும் இல்லை. நான் வெட்டினேன். 'இந்த மண்ணில் உனக்கு இருக்கும் உரிமையை நான் ஏற்றுக்கொள்வதாக இல்லை' என்று வந்ததை, 'இது என் நிலம்' என்று ஆக்கினேன். என்னிடம் இருந்த இங்கிலீஷ் அவ்வளவுதான் என்பது உண்மை. ஆனால் பிள்ளைகள் பேசிப் பழகியது நான் வெட்டிய வசனங்களை. கதைக்காரர்கள் கொஞ்ச நாள் முறைத்தார்கள். பிறகு அவர்களே என் அளவுக்கு எழுதத் தொடங்கினார்கள்.

பிறகு ஓவியருக்குக் கை சுளுக்கி, குதிரைகளை நான் கீறவேண்டி வந்தது. குதிரைக்கு எங்கே போவது? அப்போது அப்டன் பார்க்கில் பந்தாட்ட மைதானம் இருந்தது. ஆட்டம் நடக்கும் நாட்களில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் பொலிஸ் குதிரைகள் கிரீன் ஸ்ட்ரீட்டில் வரிசையாக நிற்கும். நான் மதிலோடு சாய்ந்துகொண்டு கீறுவேன். மேலே இருந்த பொலிஸ்காரர் ஒருவர், "என்ன, குதிரை களவெடுக்கிற யோசினையோ?" என்று கேட்டார். "கால் மட்டும் போதும், சேர்" என்றேன். உண்மையாகவே எனக்குக் கால்தான் சரிவரவில்லை. குதிரையின் பின்கால் எந்தப் பக்கம் மடியும் என்பது கடவுளுக்கும் குதிரைக்கும் மட்டும் தெரிந்த விஷயம். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். முழங்காலுக்குக் கீழே புழுதி. என் குதிரைகள் எல்லாம் புழுதிக்குள்தான் ஓடும். ஹோல்ரிட்ஜ் பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினார். "உன்ரை அமெரிக்காவிலை மழையே பெய்யாதோ, டாஸ்?" என்றார். மரியதாஸ் என்ற பெயரில் அவருக்குப் பிடிபட்டது கடைசித் துண்டு மட்டும்தான்.

பத்திரிகை நின்றது. பிள்ளைகள் டிவிக்குப் போய்விட்டார்கள். கம்பனி ஹோல்ரிட்ஜைக் கவ்பாய் நாவல் பகுதிக்கு மாற்றியது. ஊர்க் கவுன்சில்கள் நடத்துகிற நூலகங்களுக்கென்றே கெட்டி அட்டை போட்டு அச்சடிக்கிற நாவல்கள் அவை. வயதானவர்கள் வாரத்துக்கு நாலு, ஐந்து என்று எடுத்துப் படிப்பார்கள். ஹோல்ரிட்ஜ் என்னைக் கூப்பிட்டார்.

"டாஸ், நீ ஒரு நாவல் எழுது."

"சேர், எனக்கு ஸ்பெல்லிங் வராது."

"ஸ்பெல்லிங்கை ஆரும் பாத்துக்கொள்ளுவினம். வெட்டத் தெரிஞ்சவன்தான் எனக்கு வேணும்."

எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. கீறுவது தெரியும். அதனால் முழு நாவலையும் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கீறினேன். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன தெரிகிறதோ அதை ஒரு வரி. பலூனில் என்ன வருமோ அது பேச்சு. கட்டத்தில் தெரியாதது நாவலில் இல்லை. மனதுக்குள் நினைப்பது, பழைய துயரம், நிலவின் அழகு ஒன்றும் கிடையாது. ஒருவன் கவலைப்பட்டால் தொப்பியைக் கழற்றுவான், மிகவும் கவலைப்பட்டால் அதைத் திரும்பப் போடமாட்டான். எழுதியதை என் மனைவி பிலோமினா டைப் செய்தாள். அவள் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்தவள், என்னைவிட இங்கிலீஷ் நல்லாகத் தெரிந்தவள். ஸ்பெல்லிங் முழுக்க அவளுடைய ஆட்சி. முதல் நாவல் முடிய ஆறு மாதம் எடுத்தது. பிறகு மாதத்துக்கு ஒன்று என்று ஓடினேன். கதை எங்காவது முட்டிக்கொண்டு நின்றால் ஒரு புழுதிப்புயல். புயல் ஓய்ந்து பார்த்தால் ஆட்கள் வேறு இடத்தில் நிற்பார்கள், கதையும் நகர்ந்திருக்கும்.

என் கதாநாயகன் ரூபன் ஸ்டோக். தனி ஆள். ஓர் ஊருக்கு வருவான், அங்கே ஒரு பிரச்சினையைத் தீர்ப்பான், குதிரையில் ஏறிப் போய்விடுவான். முதல் நாவலின் கடைசிக் கட்டத்தில் அவன் வேலியடியில் நிற்கிற ஒரு விதவையிடம் தொப்பியைத் தொட்டு விடைபெறுகிறான். அவன் என்ன சொல்வான் என்று நான் யோசிக்கவே இல்லை. கை தானாக எழுதியது. 'ஐ வில் கோ அண்ட் கம், மேம்.' பிலோமினாவும் மறுபேச்சில்லாமல் டைப் செய்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை.

ஹோல்ரிட்ஜ் நாவலை நின்றுகொண்டுதான் வாசிப்பார். பழக்கதோஷத்தில் முதற் பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டு, பிறகு நேராக்கினார். நான் எதிரே நின்றேன். கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார். காதில் சொருகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

"டாஸ், இவன் எங்கை வரப்போறான்?"

"ஆர், சேர்?"

"உன்ரை ஸ்டோக். குதிரையிலை ஏறிட்டான். கதை முடிஞ்சுது. பிறகு அந்த அம்மாவிட்டை 'போட்டு வாறன்' எண்டு சொல்லுறான். வருவானோ?"

"இல்லை, சேர். வரமாட்டான்."

"அப்ப ஏன் பொய் சொல்லுறான்?"

"பொய் இல்லை, சேர். மரியாதை. எங்கடை ஆக்கள் வாசலிலை நிண்டு 'போறன்' எண்டு சொல்லமாட்டினம். 'போட்டு வாறன்' எண்டுதான் சொல்லுறது. கடைக்குப் போனாலும் அதுதான், கப்பல் ஏறினாலும் அதுதான்."

"'போறன்' எண்டு சொன்னா என்ன?"

"அது செத்தவை சொல்லுறது, சேர்."

"செத்தவை ஒண்டும் சொல்லுறேல்லை, டாஸ்."

"ஓம், சேர். அதாலைதான் நாங்களும் சொல்லுறேல்லை."

பென்சில் தாளுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. நான் அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அது காதுக்குத் திரும்பிப் போனது. "வாசிக்க ஏலும்" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஸ்டோக் நாவலும் அந்த வசனத்தோடுதான் முடிந்தது. ஹெண்டர்லி பெயரில் வேறு ஆட்களும் வேறு கதைகள் எழுதினார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஷெரீப் கதைகள் ஒருவருடையவை, ரயில் கொள்ளைக் கதைகள் இன்னொருவருடையவை. அவற்றில் ஒரு மயிரிழையும் எனக்கு வேண்டாம். ஸ்டோக் கதைகள் முழுக்க என்னுடையவை. ஈஸ்ட் ஹாமில், இல்ஃபோர்டில் என்று நூலகங்களில் ஸ்டோக் புத்தகம் அலுமாரியில் தங்காது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று நூலகப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போகிற வெள்ளைக்காரக் கிழவர்களை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். ஒரு மொழியை அந்த மொழிக்காரனின் வாயிலேயே திருத்தி வைத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இனி, என் தொழிலில் எனக்குக் கிடைத்த மிகக் கஷ்டமான வேலை.

கவுன்சில்கள் செலவைக் குறைக்கத் தொடங்கின, நூலகங்கள் வாங்குவதைக் குறைத்தன. கம்பனி ஸ்டோக் வரிசையை நிறுத்தத் தீர்மானித்தது. சும்மா நிறுத்தினால் வாசகர்கள் விடமாட்டார்கள், கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதனால் ஆளை முடித்துவிடச் சொன்னார்கள். ஹோல்ரிட்ஜ் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். வீட்டுக்கு வந்து பிலோமினாவிடம் சொன்னேன்.

"ஆரைக் கொல்லப்போறியள்?"

"ஸ்டோக்கை."

"ஏன், அவன் உங்களுக்கு என்ன செய்தவன்?"

"ஒபிசிலை சொல்லிப்போட்டினம், பிலோ."

"அப்ப ஒபிசிலை இருந்து ஆரும் வந்து டைப் பண்ணட்டும்."

நான் எழுதினேன். முதலில் பின்னால் நின்று சுடவைத்தேன். தாள் திரும்பி வந்தது. "முதுகுக்குப் பின்னாலை ஆள் நிக்கிறது தெரியாமல் இவ்வளவு காலமும் இருந்தவனே?" குதிரையிலிருந்து விழவைத்தேன். "உங்கடை புழுதியுக்கையே விழாதவன் வெட்டவெளியிலை விழுறானோ?" காய்ச்சல் வரவைத்தேன். அதை அவள் வாசிக்கவேயில்லை. வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்தவள். "காய்ச்சலிலை போற ஆக்களைப் பற்றி உங்களுக்கு ஒண்டும் தெரியாது, எழுதாதேங்கோ" என்று மட்டும் சொன்னாள். டைப்ரைட்டருக்கு உறை போட்டு மூடிவிட்டாள். எனக்கும் உள்ளுக்குள் அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் நாவலை நான் முடிக்காவிட்டால் கம்பனி வேறு யாரிடமாவது கொடுக்கும். அவன் ஸ்டோக்கை எப்படி முடிப்பான் என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

நாவல் வராதபடியால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோல்ரிட்ஜே செவன் கிங்ஸுக்கு வந்துவிட்டார். நாங்கள் பூசையால் வந்த கையோடு அவர் வாசலில் நிற்கிறார். பிலோமினா நண்டுக்கறியும் புட்டும் வைத்தாள். மனிதர் வழக்கம்போலக் கழுத்துப்பட்டியைத் தோளுக்கு மேலால் எறிந்துவிட்டுக் கையால் சாப்பிட்டார். நண்டின் கால்களை உடைக்கும்போது, "இதுக்கு எந்தப் பக்கம் மடியுது எண்டு வடிவாத் தெரியுது, டாஸ்" என்றார். நாவலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தேத்தண்ணி குடித்தார். எழும்பினார். வாசலில் நின்று, "சரி, நான் போறன்" என்றார்.

பிலோமினா கையில் அவருடைய மேல்கோட்டை வைத்திருந்தாள். கொடுக்கவில்லை.

"மிஸ்டர் ஹோல்ரிட்ஜ், இந்த வீட்டிலை அப்பிடிச் சொல்லுறேல்லை."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எத்தனை வருடம் இதே வசனத்தை நின்றுகொண்டு வாசித்தவர். தொண்டையைச் செருமினார். இல்லாத தொப்பியை விரலால் தொட்டார்.

"ஐ வில் கோ அண்ட் கம், மேம்."

"அதுதான் சரி" என்று சொல்லிக் கோட்டைக் கொடுத்தாள்.

அவர் தெருமுனையைத் திரும்பமுன் எனக்கு விடை கிடைத்துவிட்டது. சுடவும் தேவையில்லை, விழவும் தேவையில்லை. மேசையில் இருந்தேன். கடைசிக் கட்டம்: அதே வேலி, முதல் நாவலில் நின்ற அதே விதவை. ஸ்டோக் தன் கதையிலேயே முதன்முதலாகப் பழைய ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறான். இரண்டு நாள் அவளுடைய வேலியைத் திருத்திக் கொடுக்கிறான். ஒரு கையை மட்டும் பாவித்துத் திருத்துகிறான், ஏன் என்று நான் எழுதவில்லை. பிறகு குதிரையில் ஏறுகிறான். தொப்பியைத் தொடுகிறான். 'ஐ'ம் கோயிங், மேம்' என்கிறான். அவ்வளவுதான். 'கம்' இல்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. புழுதி.

பிலோமினா அந்த இடத்துக்கு வந்ததும் டைப் அடிக்கிற சத்தம் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "புழுதியை இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்றாள். போட்டேன். சத்தம் மறுபடி தொடங்கியது.

ஹோல்ரிட்ஜ் கடைசிப் பக்கத்தை வாசித்தார். நான் சிவப்புப் பென்சிலைப் பார்த்தேன். அது காதை விட்டு அசையவில்லை.

"டாஸ், 'வாறன்' எங்கை?"

"இல்லை, சேர்."

அவர் அந்தப் பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினார். எழுத்து மட்டும் உள்ள பக்கத்தை அப்படித் திருப்பினால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது. நெடுநேரம் பார்த்தார். 'வாசிக்க ஏலும்' என்று சொல்லவில்லை. அச்சுக்குப் போகிற தட்டில் தன் கையாலேயே வைத்தார். அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றுக் கடற்கரைப் பக்கம் குடிபோனார். பிலோமினாவிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்ற இரண்டு தடவை செவன் கிங்ஸுக்கு வந்து நண்டு சாப்பிட்டார். இப்போது இல்லை.

அந்த நாவல் வந்த கொஞ்ச நாளில் ஈஸ்ட் ஹாம் நூலகத்தில் ஒரு முதியவர், பழைய பஸ் சாரதி, புத்தகத்தை மேசையில் வைத்து, "அவன் 'கோயிங்' எண்டு மட்டும் சொன்னவன். இனி வரமாட்டான், என்ன?" என்று நூலகப் பெண்ணிடம் கேட்டார். பக்கத்தில் நான் நின்றேன். சாவு என்ற சொல் அந்த நாவலில் எங்கேயும் இல்லை. ஒரு தமிழனுக்கு விளங்குவது போலவே அந்த ஆளுக்கும் விளங்கியிருக்கிறது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நான்தான் எழுதினது" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நான் இங்கிலாந்துக்கு ராஜா" என்றார்.

அதோடு பேசாமல்தான் இருந்தேன். ஓய்வு, பென்ஷன், பங்கு மண்டபம் என்று காலம் போனது. போன மாதம் கிரீன் ஸ்ட்ரீட் சலூனில் முடிவெட்டக் காத்திருந்தபோது பக்கத்தில் சுந்தர் இருந்தான். தமிழ்நாட்டுப் பிள்ளை, பெரிய வங்கியில் வேலை, எங்கள் தெருவில்தான் வீடு. கையில் அந்த மறுபதிப்பின் முதல் தொகுதி. சிரித்துக்கொண்டிருந்தான்.

"அங்கிள், இது செம காமெடி. இந்த கவ்பாய் நம்ம ஊர் ஆளு மாதிரி பேசுறான். ஒவ்வொரு தடவையும் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்புறான்."

"நீ சிரி. அதை எழுதினது நான்."

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு புத்தகத்தைப் பார்த்தான். "அதான பாத்தேன்" என்றான். "வெள்ளக்காரனுக்கு இது எப்படித் தோணும்னு நானும் ரயில்ல யோசிச்சிட்டே வந்தேன்."

நாற்பது வருடத்தில் நான் சொன்னதை நம்பிய முதல் ஆள் அவன். சலூன்காரர் என்னைக் கூப்பிட்டார், நான் போகவில்லை. சுந்தரை முன்னுரையைத் தமிழில் சொல்லச் சொன்னேன். ஸ்டோக்கின் புகழ்பெற்ற விடைபெறும் வசனம் பதிப்பாசிரியர் ஹோல்ரிட்ஜின் கூர்மையான காதுக்குக் கிடைத்த பரிசு என்றும், அது டெக்சஸ் மாட்டுக்காரர்களின் பழைய பேச்சு வழக்கு என்றும், ஹெண்டர்லி என்பது பல கைகள் சேர்ந்த ஒரு பெயர் என்றும் அதில் இருந்தது. டெக்சஸ் மாட்டுக்காரர்கள். மன்னாரில் எங்கள் வீட்டு மாட்டுக்காரனைச் சொல்லியிருந்தாலாவது கொஞ்சம் கிட்ட வந்திருக்கும்.

புதுக் கம்பனிக்குப் போனேன். சுந்தர் நேரம் எடுத்துத் தந்தான். மிஸஸ் பெல் என்று ஒரு பெண், மரியாதையானவர், தேத்தண்ணி தந்தார். பழைய கம்பனியின் காகிதங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை, ஹெண்டர்லி யார் யார் என்பதற்குப் பதிவு இல்லை என்றார். என் மனைவி சாட்சி என்றேன். மனைவி கணவனுக்குச் சார்பாகத்தானே சொல்வார் என்று சிரித்தார். அவருக்குப் பிலோமினாவைத் தெரியாது. எழுதியவருக்கு மட்டும் தெரிந்த ஏதாவது உண்டா என்று கேட்டார். அந்த வசனத்தைச் சொன்னேன். அதற்குத்தான் முன்னுரையில் வேறு விளக்கம் இருக்கிறதே என்றார். மாட்டுக்காரர்கள் பேசியதை யார் கேட்டார்கள் என்றேன். அதை முன்னுரை எழுதியவரிடம்தான் கேட்கவேண்டும் என்றார். அதற்குமேல் பேச இடமில்லை. எழும்பினேன். லிப்ட் வரை கூட வந்தார். கதவு திறந்தது. நான் உள்ளே காலை வைத்துக்கொண்டே, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஐ வில் கோ அண்ட் கம், மேம்."

நினைத்துச் சொல்லவில்லை. எந்த வாசலிலும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன், லிப்டும் ஒரு வாசல்தான். மிஸஸ் பெல் கதவு மூடாமல் கையை நீட்டிப் பிடித்தார்.

"நீங்கள் எப்போதும் இப்படித்தான் சொல்வீர்களா?"

"எங்கடை ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான். வேணுமெண்டா எந்தத் தமிழ் வீட்டு வாசலிலையும் நிண்டு கேளுங்கோ" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன்.

"அடுத்த தொகுதி அச்சுக்குப் போக முன் எல்லாவற்றையும் எழுதித் தாருங்கள்" என்றார். பிறகுதான் கையை எடுத்தார்.

அதைத்தான் எழுதியிருக்கிறேன். சுந்தர் இங்கிலீஷாக்கிக் கொடுப்பான். தமிழில் முதலில் எங்கள் பங்கு மலரில் போடச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வழக்குக்கு என்னிடம் காகிதம் இல்லை, ஆனால் சாட்சிகள் உண்டு. செவன் கிங்ஸிலும் வெஸ்ட் ஈலிங்கிலும் இன்று காலை வேலைக்குப் புறப்படும்போது வாசலில் நின்று நீங்கள் என்ன சொன்னீர்களோ, அதுதான் சாட்சி. மிஸஸ் பெல் யாராவது ஒருவரைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

ஹோல்ரிட்ஜுக்கு உரியதை நான் பிடுங்க வரவில்லை. பென்சிலை எடுத்தவர், வெட்டாமல் காதில் திரும்பச் சொருகினார். அது பெரிய காரியம், அதை முன்னுரையில் தாராளமாக எழுதட்டும். ஆனால் வெட்டாமல் விட்டவர் வேறு, சொன்னவன் வேறு. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பிலோமினா தோளுக்கு மேலால் வாசித்துவிட்டு, "என்ரை பேரையும் போடச் சொல்லுங்கோ. காய்ச்சலிலை சாகாமல் அவனைக் காப்பாத்தினது நான்" என்கிறாள். அதுவும் நியாயம். உள்ளே ஒரு பக்கத்தில் போடவேண்டும்.

அட்டையில் என் பெயர் வரவேண்டும். ஹெண்டர்லி இருக்கட்டும், வாசகர்கள் பழகிய பெயர். அதற்குக் கீழே மரியதாஸ். அச்செழுத்தில் போடவேண்டாம், மெஷினுக்கு அந்தப் பெயரின் வளைவுகள் தெரியாது. கையில் இன்னும் நடுக்கம் வரவில்லை. நீலப் பென்சிலும் இருக்கிறது. குதிரையின் புழுதிக்குக் கொஞ்சம் மேலே, அரை அங்குல உயரத்துக்கு இடம் விட்டு அட்டையை எனக்கு அனுப்புங்கள். எழுத்தை நானே போட்டுத் தருகிறேன்.